ஜூன் மாதத்தில் ஓர் உறுதிமொழி, ஜனவரி 25-இல் வேறோர் உறுதிமொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் அரசியலில் தலையிடாமல் படிப்போடு நின்றுகொள்வதே நல்லது என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். 31 ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் விரும்புகிற ஏற்பாடுதான் நம் கல்லூரிகளில் வெகுகாலமாக நடைமுறையில் இருக்கிறது என்பதையும், அதனால் என்ன விளைந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பணியாற்றிய கல்லூரியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கை விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழித் தாளும் இருக்கும். எந்த அரசியல் கட்சியிலும் சேர மாட்டேன், போராட்டம் எதிலும் கலந்துகொள்ள மாட்டேன் என்ற வரிகளின் கீழ் மாணவர் கையொப்பமிட வேண்டும். பக்கத்தில் தகப்பனாரின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இருக்க வேண்டும். அதே மாணவர்களை ஜனவரி 25 அன்று தேசிய வாக்காளர் நாள் என்று திடலில் வரிசையாக நிற்கவைத்து, அச்சமின்றி வாக்களிப்போம் என்று வலக்கை நீட்டிச் சொல்லவைப்போம். அந்த நாள் தமிழ்நாட்டில் மொழிப்போர் தியாகிகள் நாளும்கூட. போராட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள், போராடிய மாணவர்களை நினைவுகூரும் நாளில், ஓட்டுப்போட உறுதி எடுக்கிறார்கள். இதிலுள்ள முரணைப் பல ஆண்டுகள் நானே கவனிக்கவில்லை.

இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இல் தெருவுக்கு வந்த மாணவர்கள் வெறும் உணர்ச்சிவசப்பட்ட கூட்டமாக வந்தவர்கள் அல்லர். அரசியல் சட்டத்தின் 343-ஆவது பிரிவு ஆங்கிலத்துக்கு அளித்திருந்த 15 ஆண்டு அவகாசம் அந்த ஜனவரி 26-ஆம் நாள் முடிகிறது என்பதையும், அதன்பின் மத்திய அரசுப் பணித் தேர்வுகளில் தமது நிலை என்னவாகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே வந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன் என்ற இரு மத்திய அமைச்சர்கள் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் நிலை வந்தது. ஆங்கிலமும் தொடர வழிசெய்து 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். காமராசரின் தோல்வியை நான் கொண்டாடவில்லை. ஒரு கொள்கையின் நுணுக்கத்தைப் படித்த தலைமுறை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டவர்களிடமும் அந்த ஆற்றலைக் கண்டோம். அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து சட்டத் திருத்தமும் வந்தன. ஆனால் கொள்கை எல்லாம் கடற்கரையில் முடிவாவதில்லை. பெரும்பாலானவை வரைவு அறிக்கையாக வெளியாகி, 30 நாளோ 60 நாளோ கருத்துக்குக் காத்திருந்து, சத்தமில்லாமல் விதியாகிவிடுகின்றன. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியானபோது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மற்ற மொழிகளிலும் அதை வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. 2025 ஜனவரி 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள், துணைவேந்தர் தேடுதல் குழுவில் மாநில அரசுக்கு இடமில்லாமல் செய்தன. நமது சட்டப்பேரவை மூன்றே நாளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. கருத்துச் சொல்லும் கெடு பிப்ரவரி 28 வரை நீண்டது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் முதுகலை படிக்கும் நான்கு பேரை விசாரித்தேன். மூவருக்கு அப்படியொரு வரைவு வந்ததே தெரியாது. விஷயம் தெரிந்த ஒரு பெண், "அதுக்கு நாமளும் எழுதலாமா சார்?" என்று கேட்டாள். அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு யார் துணைவேந்தராக வருவார் என்பதை முடிவுசெய்யும் விதி அது.

எழுதத் துணிந்த ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மாணவர் ஒருவர், வகுப்பில் பலருக்கு உதவித்தொகை வராததால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பினார். 28-ஆம் நாள் பதில் வந்தது. பட்டியல் எங்கள் கல்லூரி அலுவலகத்திலேயே தேங்கிக் கிடந்தது அதில் தெரிந்தது. அவரை அழைத்து, "படிக்க வந்தாயா, மனுப் போட வந்தாயா?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். பேசாமல் இருந்தேன். உதவித்தொகை அந்த மாதமே வந்துவிட்டது.

கல்லூரியில் தேர்தல் வைத்தால் அடிதடிதான் மிஞ்சும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அந்த அச்சம் பொய்யல்ல. வகுப்பறைக்குள் சாதியும் பணமும் புகுந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு விதிகளை வகுத்தது; உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் அவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும், கட்சிப் பணம் கூடாது, அச்சடித்த சுவரொட்டியும் கூடாது என்பவை அவற்றுள் சில. இவ்வளவு கட்டுப்பாடு நம் உள்ளாட்சித் தேர்தலுக்குக்கூட இல்லை. இருந்தும் அதிக மதிப்பெண் எடுத்தவரை ஆசிரியர்களே மாணவர் தலைவராக அறிவித்துவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் நீடிக்கிறது. 18 வயதில் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் தகுதி உண்டு என்று 1988-இல் அரசியல் சட்டத்தையே திருத்திய நாட்டில், விடுதி உணவுக் குழுவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தகுதி அதே மாணவருக்கு இல்லாமற்போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

உறுதிமொழித் தாளை நீக்குவது, மாணவர் தேர்தல் நடத்துவது போன்றவற்றையெல்லாம் கல்வித்துறை செய்யட்டும். தங்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள் உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை அன்றாடம் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுகிறீர்கள். அதன் பக்கத்தில், அந்த வாரம் மக்கள் கருத்துக்கு விடப்பட்டுள்ள வரைவுச் சட்டங்கள், விதிகள் எவை, கடைசி நாள் எது, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதையும், கிராம சபை கூடும் நாட்களையும் நான்கு வரித் தமிழில் போடுங்கள். எங்கள் கிளை நூலகத்தில் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.