ஏற்காடு தொகுதியின் வரலாற்றைப் பதிவு செய்யவும், மலை மக்களை விடுபடாமல் கணக்கெடுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
நாகலூர் ஊராட்சி, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: ஏற்காடு (பழங்குடியினர்) சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை ஆவணமாகத் தொகுத்து வைத்தல் – 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலைக் கிராம மக்கள் சரியாகப் பதிவாக ஏற்பாடு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மனுவில் என்னோடு எங்கள் ஊர்க்கவுண்டரும், மகளிர் குழுப் பெண்களும், எஸ்டேட் வேலைக்குப் போகும் இளைஞர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாலைக்கும் குடிநீருக்கும் ஏற்கெனவே தனியாக மனு கொடுத்திருக்கிறோம். இது எங்கள் தொகுதியைப் பற்றியது. தொகுதியைப் பற்றி மனு கொடுக்க என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரிலேயே சிலர் கேட்டார்கள். நிறைய இருக்கிறது.

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் 44 ஆதிதிராவிடர்களுக்கு, 2 பழங்குடியினருக்கு. அந்த இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டுமே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. மக்களவையில் தமிழ்நாட்டிலிருந்து பழங்குடியினருக்கென ஒதுக்கிய இடம் ஒன்றுகூடக் கிடையாது. மற்ற சில மாநிலங்களில் உள்ளதுபோல, பழங்குடியினருக்கு அரசியலமைப்பு தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமும் இங்கே இல்லை. ஆகவே ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் இருக்கிறவனுக்கு அரசியலில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்த ஒரு தொகுதிதான்.

மலையில் எங்களுக்கென்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகள்; ஒவ்வொன்றுக்கும் ஊர்களும், ஊர்களுக்குக் கவுண்டர்களும், அவர்களுக்கு மேல் பட்டக்காரரும். வழக்குகளை அவர்கள்தான் பேசித் தீர்த்தார்கள். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை மலைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் காடு எஸ்டேட் ஆனது, எங்கள் ஆட்கள் அதில் கூலிகள் ஆனார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ஓட்டு என்பது வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான். சாமையும் தினையும் விதைத்துத் தின்றவனுக்கு அதில் இடமில்லை. 1952 தேர்தலில்தான், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனபோது, மலையில் இருந்தவனும் கணக்கில் சேர்ந்தான்.

என் தாத்தா அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். என் அப்பா பின்னால் வந்த தேர்தல்களில் வாக்குப்பெட்டியைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்த ஆட்களில் ஒருவர். பெட்டி கனமில்லை, ஆனால் வழியில் கீழே வைக்கக் கூடாது என்று போலீஸ்காரர் சொல்லியிருந்ததால் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தோம் என்பார். பெட்டியில் ஒட்டியிருந்த அரக்கு முத்திரையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. இவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி தொகுதியின் எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஏற்காடு. ஆனால் வாக்காளர்களில் பெரும்பகுதி வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கீழ்நாட்டில் இருக்கிறார்கள். இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவர்களும் எங்களைப் போல மரவள்ளியும் பாக்கும் நம்பி வாழ்கிறவர்கள். ஆனால் கிழக்கே கல்வராயன் மலையில் இருக்கும் கருமந்துறையும் இதே தொகுதிதான். ஏற்காட்டில் இருப்பவர் கருமந்துறை போக வேண்டுமென்றால் குப்பனூர் வழியாகவோ, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வழியாகவோ கீழே போய், வாழப்பாடியைத் தாண்டி மறுபடி மலை ஏற வேண்டும். நடுவில் இருப்பது முழுக்கக் கீழ்நாடு. இரண்டு மலையிலும் இருப்பது ஒரே இனம், பெண் கொடுத்து எடுக்கிறோம். ஆனால் ஒருமுறை போய் வர முழு நாள் வேண்டும்.

கல்வராயனின் கதை இன்னும் வேறு. ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலப்பிரபுக்களின் பிடியில் இருந்த அந்த மலை 1976இல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடங்களுக்குப் பிறகு. இன்றும் அந்த மலையின் சேலம் பக்கத்து ஊர்கள் ஏற்காடு என்ற தனித்தொகுதியில் ஓட்டுப் போடுகின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்கள் சங்கராபுரம் என்ற பொதுத் தொகுதியில் போடுகின்றன. அண்ணன் ஒரு சரிவில், தம்பி மறு சரிவில் இருந்தால் ஒருவருக்குத் தனித்தொகுதி, ஒருவருக்குப் பொதுத் தொகுதி. மக்களவைக்கு வந்தால் மட்டும் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சி. 2008 தொகுதி எல்லைச் சீரமைப்புக்குப் பின் நாங்களும் அதில்தான் இருக்கிறோம். எம்.பி.யைப் பார்க்க வேண்டுமென்றால் சேர்வராயன் மலைக்காரன் ஆத்தூரையும் தாண்டிப் போக வேண்டும்.

2013ஆம் ஆண்டைச் சொல்லாமல் விட முடியாது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் இறந்ததால் டிசம்பர் 4ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அவருடைய மனைவி சரோஜா 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 'மேற்கண்ட எவருமில்லை' என்ற பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெற்றது எங்கள் தொகுதியில்தான். சுமார் 89 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். மலைப்பாதை முழுக்க ஒரு மாதம் பிரச்சார வண்டிகள் நின்றன. அந்த 89 சதவீதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை. காப்பிப் பழம் பறிக்கும் நாளில், பறிப்புக் கூலியை விட்டுவிட்டு எங்கள் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அப்புறம் எல்லா வண்டிகளும் இறங்கிவிட்டன, அது வேறு.

இப்போது மனுவின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

2008க்கு முன்பு தமிழ்நாட்டில் பழங்குடியினர் தொகுதிகள் மூன்று. மூன்றாவது திருச்சி மாவட்டத்து உப்பிலியாபுரம், பச்சைமலை மக்களின் தொகுதி. சீரமைப்பில் அது இல்லாமல் போனது. காரணம் எண்ணிக்கை. அரசியலமைப்பின் 332ஆம் பிரிவுப்படி மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, கூடியவரை அதே விகிதத்தில் சட்டமன்றத்தில் இடம் ஒதுக்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 6,51,321 பேர், நூற்றுக்கு 1.04. இதை 234 தொகுதிக்குக் கணக்குப் போட்டால் 2.44 வரும். பக்கத்து முழு எண் 2. ஆகவே இரண்டு தொகுதி.

2011 கணக்கெடுப்பில் அது 7,94,697 ஆனது, நூற்றுக்கு 1.1. இதே கணக்கைப் போட்டால் 2.58 வருகிறது. பக்கத்து முழு எண் 3. பாதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இவ்வளவு சிறிய இடைவெளியில்தான் ஒரு மலையின் தொகுதி இருப்பதும் இல்லாமல் போவதும் நிற்கிறது. மாநிலம் முழுக்கச் சில பத்தாயிரம் பேர் விடுபட்டால் முடிவே மாறிவிடும். அடுத்த சீரமைப்பு வரும்போது 2027 கணக்கெடுப்பின் எண்கள்தான் எங்கள் கையில் இருக்கும் சான்று. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

2001இலும் 2011இலும் நான் கணக்கெடுப்பாளராக வேலை செய்தேன். இரண்டு முறையும் பிப்ரவரி மாதம். மலையில் அது காப்பிப் பறிப்பின் கடைசி, மிளகுப் பறிப்பின் நடு. பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கும். குடும்பத்தோடு குடகுக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் எஸ்டேட்டில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் தங்கியிருப்பார்கள். நான் அதே ஊர்க்காரன் என்பதால் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும் போனேன், லயன் வீடுகளுக்கும் போனேன். எல்லோராலும் அப்படிப் போக முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் இனத்தின் பெயர் அரசாணைப் பட்டியலில் 'மலையாளி'. ஆனால் எங்கள் ஆட்களிடம் "என்ன சாதி?" என்று கேட்டால் "கவுண்டர்" என்றுதான் சொல்வார்கள். எங்கள் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கவுண்டர் என்று எழுதினால் பழங்குடியினர் கணக்கில் அந்த வீடு சேராது. மலையாளி என்று சொன்னாலோ, கேரளாக்காரரா என்று கேட்கிறார்கள். பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீழ்நாட்டு ஆசிரியர் ஒருவர், மிக நல்ல மனிதர், தாய்மொழி என்ற இடத்தில் மலையாளம் என்று எழுதிவிட்டுத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் பேசுவது தமிழ்தான். 2027இல் எல்லோரிடமும் சாதி கேட்கப் போகிறார்கள் என்பதால் இந்தக் குழப்பம் கூடுமே தவிர குறையாது.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இவை.

கணக்கெடுப்புக்கு முன் ஏற்காடு வட்டத்துக்கும் கருமந்துறைப் பகுதிக்கும் வரும் கணக்கெடுப்பாளர்களுக்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி வையுங்கள். மலையாளி என்றால் யார், கவுண்டர் என்று ஏன் சொல்கிறார்கள், எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்பதை அதில் விளக்க வேண்டும். விளக்க எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், நானும் வருகிறேன், படி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் படித்த பிள்ளை ஒருவரைக் கணக்கெடுப்பாளரோடு துணைக்கு அனுப்ப அனுமதி தாருங்கள். எஸ்டேட் லயன்களை விடாமல் எண்ண எஸ்டேட் நிர்வாகங்களுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போக வேண்டும். பகலில் பூட்டியிருக்கும் வீட்டுக்கு மாலையில் ஒருமுறையாவது மறுபடி போக வேண்டும் என்று உத்தரவிட வேண்டும்.

இரண்டாவதாக, இத்தொகுதியின் வரலாற்றை ஒரு பதிவேடாகத் தொகுத்துத் தாருங்கள். 1952, 1963, 1973, 2002 என நான்கு முறை அமைக்கப்பட்ட எல்லைச் சீரமைப்பு ஆணையங்களின் ஆணைகளில் எங்கள் ஊர்கள் எங்கெங்கே சேர்க்கப்பட்டன, எந்தத் தேர்தலில் எந்த ஊருக்கு எங்கே வாக்குச்சாவடி இருந்தது, யார் யார் வென்றார்கள் என்பதெல்லாம் அரசுக் கோப்புகளில் இருக்கிற செய்திகள்தான். அவற்றை வரைபடத்தோடு ஒன்றாகக் கட்டி, ஒரு பிரதி ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்திலும், ஒரு பிரதி கருமந்துறையிலும், ஊராட்சி நூலகங்களில் ஒவ்வொரு பிரதியும் வைத்தால் போதும். பெட்டி சுமந்தவர்கள், முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் எனத் தொண்ணூறைத் தாண்டிய சிலர் மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்ய எங்கள் பள்ளிப் பிள்ளைகளே போதும். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தலைமையாசிரியர்கள் செய்து முடிப்பார்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். போன ஐப்பசியில் ஒருவர் தவறிவிட்டார்.

மூன்றாவது, சீரமைப்புப் பேச்சு வரும்போது. 2002ஆம் ஆண்டுச் சீரமைப்புச் சட்டமே தொகுதி என்பது நிலப்பரப்பால் ஒட்டியிருக்க வேண்டும், இயற்கை அமைப்பையும் போக்குவரத்து வசதியையும் மக்களின் வசதியையும் பார்க்க வேண்டும், பழங்குடியினர் தொகுதி கூடியவரை அவர்கள் விகிதம் அதிகமுள்ள இடத்தில் அமைய வேண்டும் என்கிறது. இனி வரும் சட்டமும் இதை விடாது என்று நம்புகிறோம். மாவட்டத்திலிருந்து விவரம் அனுப்பும்போது சேர்வராயன், கல்வராயன் இரண்டு மலைகளின் ஊர்களையும், கல்வராயனின் மறு சரிவையும் சேர்த்துக் காட்டும் குறிப்பு ஒன்றை இணைத்து அனுப்புங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒன்றாவது மலை மேல் நடக்கப் பரிந்துரை செய்யுங்கள். சேலத்தில் நடத்தினால் எங்களில் பலருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும், வர மாட்டார்கள்.

வாக்குச்சாவடி பற்றி ஒரு சிறு குறிப்பும் உண்டு. இரண்டு கிலோமீட்டருக்குள் சாவடி இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டராகத் தெரிவது, பள்ளத்தில் இறங்கி ஏறினால் நான்காகும் ஊர்கள் இங்கே உண்டு. சென்ற தேர்தலில் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரைத் தூளி கட்டித்தான் தூக்கிப் போனோம். வரைபடத்தின் நேர்கோட்டுத் தூரத்தை விட்டு நடைத் தூரத்தை அளந்து சாவடிப் பட்டியலைத் திருத்தித் தாருங்கள்.

நேரில் வந்து விளக்க அழைத்தால் வருகிறோம். தாங்கள் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்கு வருவதாக இருந்தால், அன்றைக்கு மூன்று நாட்டுப் பெரியவர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அங்கேயே பேசலாம்.

இணைப்பு: ஊர்ப் பொதுமக்கள் கையெழுத்துப் பட்டியல், முதல் தேர்தல்களில் வாக்களித்த முதியோர் உள்ள ஊர்களின் பட்டியல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
நாகலூர் ஊராட்சி, ஏற்காடு வட்டம்.