பேச்சைப் பறிகொடுத்த படைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘காதிக்’ எனப்படும் பழைய ஐரோப்பியப் பாணித் திகில் கதைகள் இன்றைய வெகுஜனப் பண்பாட்டில் பதித்துள்ள தடங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரில், சென்ற வாரம் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் இடம்பெற்றிருந்தது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததற்கு மறு ஆண்டு, 1816இன் கோடையில், அதன் விளைவாக ஐரோப்பா மழையிலும் குளிரிலும் முடங்கிக் கிடந்தபோது, ஜெனீவா ஏரிக்கரை மாளிகையொன்றில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் சொல்லப்போய் அந்த நாவல் உருவான வரலாற்றைக் கட்டுரையாளர் சுவைபடச் சொல்லியிருக்கிறார். ஆனால், 1931இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட திரைப்படமே மேரி ஷெல்லியின் கதையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது என்று அவர் முடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அப்படம் கொண்டுசேர்த்தது பெயரையும் ஓர் உருவத்தையும்தான். கதையின் நியாயத்தை அது தலைகீழாகப் புரட்டிவிட்டது.

இதற்கு ஒரு காட்சியே போதும். நாவலில், இளைஞன் ஒருவன் உருவாக்கி உயிரூட்டிய மனித வடிவப் படைப்பு காட்டுவழியே மறைந்து செல்கையில், ஓடி விளையாடிவரும் சிறுமி ஒருத்தி கால் இடறி ஆற்றில் விழுவதைப் பார்க்கிறது. உடனே பாய்ந்து, வெள்ளத்தோடு போராடி அவளைக் கரைசேர்த்து, மயக்கம் தெளிவிக்க முயல்கிறது. அங்கே வந்த ஆள் சிறுமியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பின்தொடர்ந்த படைப்பைத் துப்பாக்கியால் சுடுகிறான். மனித குலத்தின் மீது தீராப் பகை கொள்வதாக அது சபதம் செய்வது, தோள் காயத்தின் வலியோடு கிடக்கும் அந்த வேளையில்தான். திரைப்படத்திலும் தண்ணீரும் சிறுமியும் உண்டு. ஏரிக்கரையில் அவள் பூக்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுகிறாள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அது அவளையே தூக்கி எறிந்துவிடுகிறது. நாவலில் உயிரைக் காப்பாற்றிய கைகளைக் கொண்டே திரையில் உயிரைப் பறிக்க வைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் மூளை விவகாரம். படத்தில் உதவியாளன் நல்ல மூளை இருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளி ஒருவனின் மூளையைத் தூக்கி வருகிறான். நாவலில் அப்படியோர் உதவியாளனும் இல்லை, மாறிப்போன மூளையும் இல்லை. தான் உருவாக்கியது கண் திறந்த அந்த இரவிலேயே அதன் தோற்றத்தைக் கண்டு அருவருத்து அறையைவிட்டு ஓடிவிடும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் மட்டுமே இருக்கிறான். கைவிடப்பட்டதால் கொடியதாகிப்போன ஓர் உயிரின் கதை, பழுதான உறுப்பைப் பொருத்தியதால் நேர்ந்த விபத்தாகச் சுருங்கிவிட்டது. படைத்தவன் தப்பித்துக்கொண்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழியை முழுவதும் சினிமாவின் தலையில் கட்டுவதும் சரியல்ல. 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான நாவல், 1823லேயே லண்டனில் நாடகமாகிவிட்டது. அந்த மேடையிலேயே படைப்பு ஊமையாகிவிட்டது, உதவியாளனும் நுழைந்துவிட்டான். மேரி ஷெல்லியும் அந்த நாடகத்தைப் பார்த்து ரசித்தார் என்பது வேடிக்கை. நாவலின் நடுப்பகுதி முழுவதும் அந்தப் படைப்பு தன் வாயால் சொல்லும் கதை. ஓர் ஏழைக் குடும்பத்தைச் சுவரின் இடுக்கு வழியே மாதக்கணக்கில் கவனித்து அது மொழி கற்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் இரவில் விறகு வெட்டிவந்து வாசலில் போடுகிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனையும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கையும் படிக்கிறது. இவ்வளவு வாதத்திறன் கொண்ட ஒரு பாத்திரத்தை உறுமலோடு நிறுத்திவிட்டால், அதன் தரப்பை யார் சொல்வது? 1935இல் வந்த அடுத்த படத்தில் அதற்குச் சில சொற்கள் திரும்பக் கிடைத்தன. பார்வையற்ற முதியவரின் குடிலில் அது நட்பை அறியும் காட்சி இன்றும் மனத்தை உருக்கும். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது முதல் படத்தின் உருவமே. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், அந்தப் படைப்பாக நடித்த போரிஸ் கார்லோஃபுக்கு அமைத்த தட்டைத் தலையும் கழுத்து முளைகளும்தான் இன்றும் பொம்மைகளிலும் முகமூடிகளிலும் கார்ட்டூன்களிலும் காணப்படுகின்றன.

இதன் விளைவு பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. மரபணு மாற்றிய உணவுகளுக்கு ‘ஃபிராங்கன்ஃபுட்’ என்ற பட்டப்பெயர் 1992இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு வந்த கடிதமொன்றில் பிறந்தது (வாசகர் கடிதத்தை யாரும் இலேசாக எண்ண வேண்டாம்!). செயற்கை நுண்ணறிவைப் பற்றிய இன்றைய கட்டுரைகளும் இதே பெயரையே எச்சரிக்கையாக எடுத்தாள்கின்றன. அங்கெல்லாம் கேட்கப்படுவது, படைப்பு நம்மை என்ன செய்துவிடும் என்ற திரைப்படத்தின் கேள்வி. படைத்த பிறகு அதற்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற நாவலின் கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலர்.

அடுத்த பகுதியில் டிராகுலா வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதிலும் மூலத்தையும் பின்வந்தவற்றையும் பிரித்துக்காட்டுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலில் இரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார்; பகலில் அவரது சக்தி குன்றும், அவ்வளவே. வெயில் பட்டால் இரத்தக்காட்டேரி மடியும் என்ற விதி 1922இல் வந்த ஜெர்மானிய ஊமைப்படமான ‘நோஸ்ஃபெராட்டு’ ஏற்படுத்தியது. டிராகுலா கதையை உரிமை பெறாமல் படமாக எடுத்ததற்காக ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் அப்படத்தின் படிகளை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது; சில படிகள் எப்படியோ தப்பின.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகர்கோவில்