அடைமழை என்ற பெயர்கொண்டவருக்கு ஒரு கல்

தாம்பரம் மாநகராட்சி மன்றத்தாருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். சாலை, குப்பை, மழைநீர் வடிகால் என்று உங்கள் மேசையில் மனுக்கள் குவிந்து கிடக்கும். இது அந்தக் கட்டில் சேராத மனு. 1967இல் இறந்துபோன ஆல்பர்ட் லுதுலி என்ற தென்னாப்பிரிக்கருக்காகத் தாம்பரத்தில் ஒரு கல் கேட்டு எழுதுகிறேன்.

1938 டிசம்பரில் இங்கே கிறித்தவ மிஷன்களின் உலக மாநாடு நடந்தது. ஜார்ஜ் டவுனை விட்டு சேலையூர்க் காட்டுக்குக் கல்லூரி குடிவந்து கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சுமார் 70 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் லுதுலி. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பெற்றோர் வைத்த ஜூலுப் பெயர் ம்வும்பி. அடைமழை என்று பொருள். அந்தப் பெயரைத்தான் அவருக்கும் பிடிக்கும். நம் ஊரில் டிசம்பரில் கால் வைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அப்போது அவர் உலகம் அறிந்த ஆளில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையோரம், உம்வோட்டி ஆற்றங்கரையில், குரூட்வில் என்ற கரும்பு ஊரின் தலைவர். சுமார் 5,000 பேர். மற்ற இடங்களில் தலைமை பரம்பரையாக வரும். இது மிஷன் நிலம் என்பதால் மக்களே கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். லுதுலி அதற்கு முன் ஆடம்ஸ் கல்லூரியில் ஆசிரியர். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. ஊர்ப் பெரியவர்கள் வந்து கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு, 1936 தொடக்கத்தில்தான் பொறுப்பேற்றார். வருமானம் வெகுவாகக் குறைந்தது.

அந்தப் பதவியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மூர் நாட்டாமையையும் கிராம முன்சீப்பையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படியோ, அப்படி. வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் வரும். கூடவே, வெள்ளை அரசின் உத்தரவுகளை ஊரில் நிறைவேற்றும் சம்பளக்காரரும் அவரே. தேர்ந்தெடுப்பது ஊர், நீக்கும் அதிகாரமோ அரசிடம். இதில் பலர் அபராதப் பணத்தில் கொழுத்தார்கள். லுதுலி அந்த வழிக்குப் போகவில்லை. அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த ஊர்க்கூட்டத்தில் பெண்களையும் உட்கார வைத்தார்.

அப்புறம் கரும்பு. வெள்ளைத் தோட்டக்காரர்களின் லாபம் குறையாமல் இருக்க, 1936இல் வந்த சர்க்கரைச் சட்டம் யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று அளவு கட்டியது. துண்டு நிலம் வைத்திருந்த குரூட்வில்காரர்களுக்கு அது பேரிடி. லுதுலி கரும்பு விவசாயிகள் சங்கத்தைக் கூட்டினார், ஓயாமல் பேசினார். கடைசியில் ஆளுக்கு ஆள் தனி அளவு என்பது போய், எல்லோருக்கும் சேர்த்து ஒரே அளவு என்று ஆனது. ஒருவர் வயலில் விளைச்சல் குறைந்தால் பக்கத்து வயல்காரர் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். அவர் அரசியல் கற்றது இங்கேதான் என்பது என் எண்ணம். வகுப்பறைக்குள் இருந்தவரை தன் மக்களின் வறுமை முழுதாகக் கண்ணில் படவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1946இல் 'பூர்வகுடிகள் பிரதிநிதித்துவ மன்றம்' என்ற ஒன்றுக்கு உறுப்பினரானார். பேசலாம், கேட்பார் கிடையாது. பொம்மை டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அங்கிருந்த பால் மொசாகா சொன்னது சரியான வர்ணனை. 1951இல், கறுப்பர்களின் உரிமைக்குப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் நேட்டால் தலைவரானார். மறு ஆண்டு, அநியாயச் சட்டங்களை வேண்டுமென்றே மீறும் போராட்டம். 8,000 பேருக்கு மேல் சிறை போனார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸும் உடன் நின்றது. அதன் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர் லுதுலியின் நண்பர். 1956இல் தேசத்துரோக வழக்கில் பிடிபட்ட 156 பேரில் இருவரும் உண்டு.

1952இல் அரசு ஒரே கேள்வி கேட்டது: காங்கிரஸா, தலைவர் பதவியா? ஒன்றை விடு. இரண்டையும் விட மாட்டேன் என்றார். நவம்பரில் பதவியைப் பறித்தார்கள். மூடித் தாழிட்ட கதவை முப்பது ஆண்டுகளாகப் பொறுமையாகத் தட்டியது வீண்தானே என்று அப்போது வெளியிட்ட அறிக்கையில் கேட்டார். அடுத்த மாதமே முழுக் காங்கிரஸுக்கும் தலைவரானார். அதன்பிறகு தடைமேல் தடை. ஊரைவிட்டு வெளியே போகவும் கூட்டத்தில் பேசவும் முடியாது. ஆனாலும் கறுப்பர்கள் அவரைச் 'சீஃப்' என்றே அழைத்தார்கள்.

1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்கு 1961இல் கிடைத்தது. ஆப்பிரிக்கர் ஒருவருக்கு அதுதான் முதல். தகுதி பார்த்துக் கொடுத்த பரிசில்லை என்று தென்னாப்பிரிக்க அமைச்சர் முகம் சுளித்தார். வேறு வழியில்லாமல் சில நாளுக்கு மட்டும் பயண அனுமதி கொடுத்தார்கள். ஆஸ்லோ மேடையில் லுதுலி சிறுத்தைப் பல் கோத்த மாலையோடு, ஜூலுத் தலைவர் கோலத்தில் நின்றார். அரசு பிடுங்கியதை உலகத்தின் முன்னால் அணிந்துகொண்டு நின்ற அந்தப் படம் எனக்கு அவரது உரையைவிடப் பிடிக்கும். அவர் ஊர் திரும்பிய கையோடு, டிசம்பர் 16 அன்று, இயக்கத்தின் ஆயுதப் பிரிவு குண்டு வைத்தது. அதில் அவருக்கு எவ்வளவு சம்மதம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் கல்லில் அதைத் தீர்த்து வைக்க வேண்டாம்.

1967 ஜூலை 21. வீட்டிலிருந்து வெகு தூரமில்லாத ரயில் பாலத்தில் சரக்கு ரயில் மோதி இறந்தார் என்று சொன்னார்கள். கண்ணும் காதும் மங்கிய கிழவர், விபத்து, வழக்கு முடிந்தது. மனைவி நோகுகானியாவும் பிள்ளைகளும் நம்பவில்லை. 2025 அக்டோபர் 30 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்தப் பழைய முடிவை ரத்து செய்தது: அடித்ததில் மண்டை உடைந்து இறந்தார், காவல் துறையின் சிறப்புப் பிரிவினரும் உடன் சேர்ந்த ரயில்வே ஊழியர்களும் பொறுப்பு. நோகுகானியா 1996இலேயே இறந்துவிட்டார்.

நான் கேட்பது சிலை இல்லை. இடுப்புயரக் கல் ஒன்று, கல்லூரி வாசலிலோ ரயில் நிலையத்திலிருந்து அங்கே போகும் வழியிலோ. ஏற்கெனவே உள்ளே எங்காவது அவர் பெயர் இருந்து என் கண்ணில் படாமல் போயிருந்தால் மன்னியுங்கள். அதையே வெளியே, தெருவில் போகிறவர் படிக்கும்படி வையுங்கள். செலவு பெரிதாக இருக்காது. வசூல் செய்து தரவும் தயார். வாசகம் தமிழில் இருக்கட்டும். 'நோபல் பரிசாளர்' என்று தொடங்காமல் இப்படி வெட்டச் சொல்லுங்கள்:

"குரூட்வில் ஊர்த் தலைவர் ஆல்பர்ட் ம்வும்பி லுதுலி 1938 டிசம்பரில் இங்கே வந்திருந்தார். 1952இல் அரசு பதவியைப் பறித்தது. மக்கள் பறிக்கவில்லை. 1967இல் கொல்லப்பட்டார்."

கடைசிச் சொல்லில் 'இறந்தார்' என்று யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரத்தில் தினமும் ரயில் ஏறும் ஒருவன்