கோயில் தோட்டக்காணிக் கல்வரம்புத் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புடையீர்,

கோயிலின் வடக்குத் தோட்டக்காணியில் கல்வரம்பு கட்டும் திருப்பணி இறையருளால் நிறைவெய்தியுள்ளது. எருவும் உழைப்பும் தந்த அனைவருக்கும் சபையின் நன்றி. வரவு செலவு விபரம் மடப்பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது.

பொதுக்கூட்டத்தில் ஒரு ஐயா, "மலையில்லாத யாழ்ப்பாணத்தில் படிபடியாக வரம்பு எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மலையகத் தேயிலைச் சரிவுகளில் மண் இறங்கிப் போகாமலிருக்கக் கல்லணை கட்டுகிறார்கள். கீரிமலைப் பக்கமுள்ள நம் காணி கடலை நோக்கி மெல்லத்தான் சரிகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துப் பெய்யும்போது வடிகிற தண்ணீர் சிவப்பாக ஓடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அவ்வளவும் மேல்மண். இங்கே செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். சில மூலைகளில் ஒரு முழ மண்கூட இல்லை. அதையும் இழந்தால் பயிர் எதில் நிற்கும்?

பெக்கோ (மண் அகழும் இயந்திரம்) விட்டு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பினால் வேலை விரைவில் முடியும் என்று சிலர் சொன்னார்கள். சபை அதை ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் வெட்டிய பக்கத்தில் அடிமண் வெளியே வரும். அதில் மக்கிய இலைதழைச் சத்து குறைவு, சுண்ணாம்பு கூட. சுண்ணாம்பு பொசுபரசைக் கட்டிவைத்துவிடும். இரும்புச்சத்தும் நாகச்சத்தும் (சிங்க்) வேருக்குச் சரியாகக் கிடைக்காது. குருத்திலை நரம்பு பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாகத் தெரியும். நிரப்பிய பக்கத்திலோ மண் ஆழமாக இருப்பதால் பயிர் செழிக்கும். ஒரே பாத்தியில் வெங்காயம் இரண்டு விதமாக நிற்கும். அந்த வித்தியாசம் மாற வருடக்கணக்காகும்.

ஆகவே ரியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, ஒரே உயரக் கோட்டில் வரம்பு வைத்தோம். வெட்டாமல் முடியாத இடங்களில் மட்டும் வெட்டினோம். அங்கேயும் முதலில் மேல்மண்ணை வழித்துத் தனியே குவித்து, கடைசியில் திரும்பப் பரப்பினோம். கூலியில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. செலவு அதிகம் என்று குறைப்பட்டவர்களுக்குச் சபையின் பதில் இதுதான்: கல்லை எப்போதும் வாங்கலாம், பழகிய தோட்டமண்ணை வாங்க முடியாது.

கல் முழுவதும் நம் பெரியவர்கள் காணியில் பொறுக்கி எல்லையில் குவித்து வைத்தது. சீமெந்து பூசவில்லை. தண்ணீர் இடுக்கால் கசிய வேண்டும். தேங்கினால் வரம்பும் சரியும், வேரும் அழுகும். அடியில் வெட்டிவேரும் ஓரத்தில் சீமைக்கிளுவையும் வைத்திருக்கிறோம்.

நின்று இறங்கும் மழைநீர் கிணற்றுக்கும் நல்லது. நம் நன்னீர் உவர்நீருக்கு மேலேதான் மிதக்கிறது. ஆனால் தண்ணீரோடு உரமும் இறங்கும். வலிகாமத்துக் கிணறுகளில், யூரியா போன்ற உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று கூடியிருப்பது தெரிந்த விடயம். அதனால் இக்காணியில் யூரியா போடுவதில்லை என்று சபை தீர்மானித்திருக்கிறது.

முதற்போகம் உழுந்தும் பயறும், வெங்காயம் அப்புறம். மண் பரிசோதனைக்கு ஒவ்வொரு பாத்தியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தனித்தனியே மண் எடுப்போம். கலந்தால் குறை தெரியாது. மேல்முனைகளில் குழை தாழ்க்க (பச்சை இலைதழையை மண்ணில் புதைக்க) வேண்டும். வீட்டில் பூவரசங்குழை, சீமைக்கிளுவை, பழைய பனையோலை இருப்பவர்கள் மழைக்கு முன்பு தெற்குப் படலையடியில் கொண்டுவந்து போடவும். எருவுக்காகக் காணியில் ஆட்டுப்பட்டி அடைக்க விரும்புவோர் செயலாளரிடம் சொல்லவும். வரம்பு இறுகும்வரை உழவு இயந்திரத்தை மேலே ஏற்ற வேண்டாம்.

நிர்வாக சபை