கண்டது, கேட்டது, ஐயப்பட்டது

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்து வாசல் முழுக்க மறுபடியும் இலை. நேற்று நான்தான் பெருக்கினேன். ஒரு இழுப்புக்கு ஒரு மூச்சு என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆரம்பித்தேன். பாதியிலேயே பொறுமை போய்விட்டது. பெருக்கி முடித்த இடத்தில் உடனே நாலு இலை வந்து விழும்போது நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வருகிற பௌர்ணமியோடு ஒரு வருடம் ஆகிறது. என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை நம் தியானக் குழுவினரும் படிப்பார்கள். அன்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்குத் தெரியாமலே போகட்டும்.

ஆனால் அந்தக் காலை மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. புத்த பிக்குகள் மூன்று மாத மழைக்காலத் தங்கலை முடித்ததும் கடினச் சீவரம் என்கிற அங்கியைத் தைப்பார்கள். துணி கையில் வந்த அன்றே வெட்டி, தைத்து, சாயம் ஏற்றிவிட வேண்டும். மறுநாளுக்கு வைக்கக் கூடாது. நாம் துணியைக் கொடுப்பவர்கள்தானே, தைக்கும் வேலை நமக்கு இல்லையே என்று யாரோ குறைப்பட்டபோது, கிழிந்த தியானத் திண்டுகளை ஒரே நாளில் தைத்து முடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள். அன்றைக்கு நம் பங்குக்குப் பதினொரு திண்டு. பேச்சில்லாமல் தைத்தோம். என் கண் சரியில்லை என்று தெரிந்து, நான் கேட்காமலே ஊசியில் நூலைக் கோத்துக் கோத்து நீட்டிக்கொண்டிருந்தீர்கள். நீட்டும்போதெல்லாம் முனை உங்கள் பக்கம், காது என் பக்கம். அதை நான் கவனித்தேன் அக்கா. கவனித்தும்தான் மாலையில் அப்படிப் பேசினேன்.

நீங்கள்தானே கேட்டீர்கள்! தங்கலின் முடிவில் என் குறையைச் சொல்லுங்கள் என்று பிக்குகள் மற்றவர்களை அழைக்கும் பவாரணைச் சடங்கு என்பதே அதுதானே. கண்டதாலோ, கேட்டதாலோ, ஐயத்தாலோ என்னிடம் குறை இருந்தால், என்மேல் இரக்கம் வைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று பிக்குகள் மூன்று தடவை சொல்லும் வாசகத்தை நம் வட்டத்தில் முதலில் சொன்னவர் நீங்கள். சாவத்தி நகரில் ஐந்நூறு பிக்குகள் நடுவே புத்தரே அப்படிக் கேட்டார், என் உடலாலோ சொல்லாலோ ஆன செயலில் பிழை கண்டீர்களா என்று; அவரே கேட்டால் நமக்கென்ன கௌரவம் என்றும் சொன்னீர்கள். அவருடைய தலைமைச் சீடர் சாரிபுத்தர் எழுந்து, பிழை எதுவும் காணவில்லை என்றார். நான் சாரிபுத்தன் இல்லை.

மூன்று மாதம் தினமும் சேர்ந்து உட்காருவது என்று எல்லோரும் வாக்குக் கொடுத்திருந்தோம். நடுவில் உங்கள் இடம் காலியாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. மணி அடிக்க ஆளில்லாமல் நான் அடித்தேன். புதிதாக வந்தவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. எனக்கு இருந்தது மூன்றாவது வகை. அதற்கும் அந்த வாசகத்திலேயே இடம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். சட்டப்படி என் பக்கம் தவறில்லை என்று இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன் தெரியுமா? 'இரக்கம் வைத்து' என்ற வார்த்தையை மட்டும் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் பேசி முடித்ததும் கைகூப்பினீர்கள். மணியை எடுத்து மூன்று முறை அடித்தீர்கள். கடைசி ஒலி அடங்கும் வரைக்கும் கை அசையவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இலைகளின் மேல் நடந்து போனீர்கள். அவ்வளவுதான்.

எங்கே போயிருந்தீர்கள் என்பது பனிக்காலம் வந்த பிறகுதான் தெரிந்தது, அதுவும் வேறு ஒருவர் வாயால். அதை இங்கே எழுத மாட்டேன். மழைக்காலத் தங்கலின் நடுவிலும் தாயோ தகப்பனோ நோயில் கிடந்தால், அழைப்பு வராவிட்டாலும் பிக்கு போகலாம், ஏழு நாளுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் இருக்கிறது. நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு. எட்டாவது நாள் விடியற்காலை உங்கள் திண்டில் உட்கார்ந்திருந்தீர்கள். பிக்குவுக்கு உள்ள விதி நமக்கு இல்லை. ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கலாம். வாக்குக்காகத் திரும்பி வந்தீர்கள். வாக்கை உடைத்தவர் என்று உங்களைத்தான் நான் சொன்னேன்.

மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஏன் சொல்லவில்லை? அந்த நொடியில் ஒரே ஒரு வரி போதுமே, என் வாய் அடைத்திருக்கும். இருபது பேர் முன்னால் என்னைப் பேசவிட்டுவிட்டுக் கைகூப்பினீர்கள். அதை எல்லோரும் பெரிய பொறுமை என்கிறார்கள். எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. பவாரணை எப்படி வந்தது என்ற கதையை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சில பிக்குகள் சண்டை வராமலிருக்க மூன்று மாதமும் ஒருவரோடொருவர் பேசாமலே இருந்து, நிம்மதியாகக் கழித்தோம் என்று பெருமையாக வந்து நின்றார்கள். ஆடுமாடுகள் மாதிரி வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று புத்தர் கடிந்துகொண்டார். பேசத்தானே அக்கா அந்தச் சடங்கே! மௌனம் உங்களுக்கு அழகாக வரும். அதில் மறைந்துகொள்ளவும் வரும்.

இப்படி எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். கண்டதைத்தான் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை ஐயம் இல்லை.

அன்பை வளர்க்கும் மைத்திரி தியானத்தில் தனக்கு, பிரியமானவருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, பகைத்தவருக்கு என்று வரிசையாகப் போவோமே. இந்த ஒரு வருடமாக உங்களை எந்த இடத்தில் வைப்பது என்றே தெரியவில்லை. சில நாள் இரண்டாவதில் ஆரம்பித்து நான்காவதில் முடிகிறீர்கள். ஒருநாள் முதல் இடத்தையே தாண்ட முடியவில்லை, அங்கேயே மணி அடித்துவிட்டது.

இந்த வருட வட்டத்தை என்னை நடத்தச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன், ஒரு மாதம் தள்ளி வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. பிக்குகளுக்கு அந்த அனுமதி உண்டு. ஒற்றுமையாக, சுகமாக இருந்துவருகிறார்கள் என்றால் பவாரணையை அடுத்த பௌர்ணமிக்கு ஒத்திப்போடலாம். புத்தரும் ஒருமுறை மழைக்காலத்தின் நான்காவது மாதப் பௌர்ணமி வரைக்கும் சாவத்தியிலேயே தங்கினார். மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியை அந்த இரவில்தான் விளக்கினார். நம் குழுவினர் காரணம் கேட்டார்கள். நாம் எல்லோரும் சுகமாகத்தானே இருக்கிறோம், அதனால்தான் என்று பொய் சொன்னேன். இதைப் படிக்கும்போது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

முதலில் கேட்கப்போவது நான். மூன்று தடவையும் கேட்பேன். நீங்கள் வந்தால் சொல்லுங்கள், கைகூப்பிவிட்டுப் போகாதீர்கள். வர மனமில்லை என்றால் இந்தக் கடிதத்துக்குக் கீழே கோபமாக இரண்டு வரி எழுதினாலும் போதும்.

திண்டு தைப்பது மட்டும் வழக்கமான நாளிலேயே நடக்கும். இந்த வருடம் ஆறுதான் கிழிந்திருக்கிறது. உங்களுடையது கிழியவில்லை, ஆனாலும் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

இப்படிக்கு,
மணியை அவசரமாக அடிப்பவன்