பேஸ் ஆம்ப் வாங்கவிருக்கும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் கிட்டாரிலேயே ஊறிக் கிடந்த நீ பேஸ் கிட்டாருக்கு மாறிவிட்டாய் என்பதையும், வாரம் ஒருமுறை நண்பர்களோடு கூடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதையும் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. என் பக்கத்துச் செய்தி, நான் இப்போது ஐந்து தந்தி பேஸ் வாசிக்கிறேன் என்பதுதான். அந்தத் தடித்த பி தந்திக்கு விரல்கள் பழகிவிட்டன. ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கித் தரும் கருவி, எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் ஆழமாக யோசிக்கத் தொடங்கியதும் அந்தத் தந்தியால்தான். ஆகவே உன் கேள்வி நல்ல நேரத்தில் வந்திருக்கிறது.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யவும் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கவும் ஒரே ஆம்ப் போதுமா, போதும் என்றால் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்பாக நீ எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இருக்கிறாரா, இருந்தால் அவர் குச்சிகளைக் கொண்டு முழு டிரம் செட்டை வாசிக்கிறாரா, அல்லது கஹோன் போன்ற சிறிய தாளக் கருவியோடு நிறுத்திக்கொள்கிறாரா? கிட்டாரும் கீபோர்டும் வால்யூமைக் குறைத்தால் குறைந்துவிடும். டிரம்ஸில் திருகிக் குறைக்கக் குமிழ் ஏதும் இல்லை. சாதாரணமாக வாசித்தாலே அருகில் நிற்பவருக்கு அதன் ஒலி 100 டெசிபலை எளிதாகத் தாண்டிவிடும். பேஸ் ஆம்பின் அளவை உண்மையில் தீர்மானிப்பது, நாம் யாருக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கப்போகிறோம் என்பதுதான்.

கிட்டாரில் பழகிய உனக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். 15 வாட் கிட்டார் ஆம்ப் ஒன்று டிரம்ஸுக்கு ஈடுகொடுத்து நிற்பதை நீயே கேட்டிருப்பாய். பேஸில் அந்தக் கணக்கு செல்லாது. கிட்டாரின் தடித்த ஈ தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 82 முறை, அதிர்கிறது. பேஸின் ஈ தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. என் பேஸின் பி தந்தியோ 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது, அதே அளவு ஒலியழுத்தத்தை உண்டாக்க ஒரு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டியிருக்கிறது. ஆகையால் கீழ்ச்சுருதிகளுக்கு வேண்டியது பெரிய கூம்பும், அது தாராளமாக அசைய இடமும், அசைக்கத் தேவையான திறனும் ஆகும். கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கரில் பேஸை உரக்க வாசித்தால் கூம்பு கெட்டுப்போவதற்கும் இதுவே காரணம். கிட்டாரைப் பேஸ் ஆம்பில் வாசிப்பதால் அப்படி எந்தக் கெடுதலும் வராது.

இதோடு நம் காதின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகள் காட்டியபடி, நம் காது தாழ்ந்த சுருதிகளை நடுத்தரச் சுருதிகளைப்போல எளிதாகக் கேட்பதில்லை. ஒலியளவு குறையக் குறைய இந்த வேறுபாடு கூடிக்கொண்டே போகிறது. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பேஸ் மெலிந்து கேட்பதால் நாம் தயங்காமல் கீழ்ச்சுருதியைக் கூட்டும் பேஸ் குமிழை வலப்பக்கம் திருப்பிவிடுகிறோம். குமிழ்களை அதே நிலையில் வைத்துக்கொண்டு குழுவோடு உரக்க வாசித்தால் ஒலி முழுவதும் குழம்பி, எந்தச் சுரத்தை வாசிக்கிறோம் என்பதே பிடிபடாமல் போய்விடும். அதனால் ஒரே ஆம்பை இரு இடத்திலும் பயன்படுத்துகிறவர், குமிழ்களின் நிலையை இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்வது கட்டாயம்.

இப்போது வாட்ஸைப் பார்ப்போம். வாட்ஸை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ஏதோ சற்றுக் கூடியதாகத்தான் தெரியும். ஒலி இரு மடங்கு உரக்கக் கேட்பதாக நமக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 40 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருளில்லை. 15 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் உள்ள இடைவெளிதான் கவனிக்கத் தக்கது. அதைவிடவும் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்த எண். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று 94 டெசிபலும் மற்றொன்று 97 டெசிபலும் தருமானால், பின்னதை வாங்குவது ஆம்பின் வாட்ஸை இரு மடங்காக்குவதற்குச் சமம். விளம்பரங்களில் வாட்ஸ் எண் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண்ணை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் ஸ்பீக்கரின் விட்டத்தையும் பெட்டியின் பருமனையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், ஏனெனில் சிறிய பெட்டியிலிருந்து ஆழமான கீழ்ச்சுருதியை உரக்க எடுப்பது எந்தத் தயாரிப்பாளருக்கும் எளிதல்ல.

சிறிய ஆம்ப்களை நான் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதே. எட்டு அங்குல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை முழுமையாகத் தர முடியாது என்றாலும், அதன் மேற்சுரங்களான 82, 123 ஹெர்ட்ஸ்களைக் கேட்டதும் நம் காது கீழே விடுபட்ட அடிச்சுரத்தைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. அதனால் வீட்டுப் பயிற்சிக்கு 20 அல்லது 25 வாட் ஆம்ப் தாராளமாகப் போதும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி ஆகிவிடுகிறது; வால்யூமை முழுவதும் திருப்பினாலும் ஒலி கரகரக்குமே தவிர உயராது.

வீட்டு அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அறை செய்யும் வேலைக்கு ஆம்பைக் குறை சொல்கிறார்கள். நாலு மீட்டர் நீளமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள். ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 43 ஹெர்ட்ஸ் வருகிறது. ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பியில்) உள்ள எஃப் சுரம் ஏறத்தாழ அதுவேதான். அந்தச் சுரத்தை நீட்டி வாசித்துக்கொண்டே அறையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து பார்: சுவரோரத்தில் அது முழங்கும், நடு அறையில் பாதி காணாமல் போகும், எதிர்ச்சுவரை நெருங்கினால் மறுபடி முழங்கும். அடுத்தடுத்த ஃப்ரெட்களுக்குப் போகும்போது அந்த முழக்கம் தணிந்து, அறையின் அகலத்தைப் பொறுத்து வேறொரு சுரத்தில் மீண்டும் தலைகாட்டும். எந்த விலையுயர்ந்த ஆம்பும் இதை மாற்றாது. ஆம்பை அறை மூலையில் வைக்காமல் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரையில் வைக்காமல் உறுதியான ஒரு மேடையில் காது மட்டத்துக்கு அருகே உயர்த்தி வைத்தால் தெளிவு வெகுவாகக் கூடும். நடு, மேல் சுருதிகள் ஸ்பீக்கரிலிருந்து நேர்க்கோட்டில் வருகிறவை. கணுக்கால் மட்டத்தில் ஆம்பை வைத்துக்கொண்டு அவற்றைக் கேட்க முடியாது. மேடையின் அடியில் தடித்த ஃபோம் போட்டால் கீழ்வீட்டுக்காரருக்குத் தரை வழியாகப் போகும் அதிர்வும் குறையும்.

இரவில் வாசிக்கிறவன் நீ. அதனால் ஹெட்ஃபோன் அவுட் இல்லாத ஆம்பை வாங்காதே. பாட்டோடு சேர்ந்து பயிற்சி செய்ய, ஃபோனிலிருந்து பாட்டைக் கம்பி வழியே அனுப்பும் ஆக்ஸ் இன் துளை அவசியம். புளூடூத் வழியாகப் பாட்டை மட்டும் அனுப்புவதில் குறையில்லை. ஆனால் புளூடூத் ஹெட்ஃபோனில் உன் பேஸையே கேட்க முயன்றால், தந்தியை மீட்டிய பிறகு ஒலி வந்து சேரும் அந்தச் சிறு தாமதம் தாளத்தையே குலைத்துவிடும். கம்பியுள்ள ஹெட்ஃபோனே பேஸுக்குச் சரி.

குழுவோடு வாசிக்கையில் பேஸ் காதில் விழவில்லை என்று தோன்றினால், உடனே பேஸ் குமிழின் மேல் கை போகும். அந்தக் கையைத் தடுத்து நிறுத்து. கிக் டிரம்மும் கீபோர்டின் இடக்கையும் கீழ்ச்சுருதிப் பகுதியை ஏற்கெனவே நிறைத்திருக்கும். அங்கே இன்னும் சேர்ப்பது ஆம்பின் திறனை விழுங்குமே ஒழிய உன்னைக் கேட்க வைக்காது. நடுச்சுருதிக்கான மிட் குமிழைச் சற்று உயர்த்து. 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் உன் விரல் தந்தியைத் தொடும் குணமும் சுரத்தின் தெளிவும் இருக்கின்றன. தனியாகக் கேட்டால் அது சற்று மூக்கடைத்த ஒலிபோல இருக்கும். குழுவுக்குள் போய்க் கேட்டால் அதன் அருமை புரியும். இதற்காகவே மிட் குமிழ் தனியாக உள்ள ஆம்பைத் தேடு. பேஸ் குமிழும் மேல்சுருதிக்கான ட்ரெபிள் குமிழும் மட்டும் உள்ளவை குழுவில் கைகொடுப்பதில்லை.

பெரிய இடங்களில் என்ன செய்வது என்றும் நீ கவலைப்பட்டிருந்தாய். அதற்கு ஆம்பின் பின்புறத்தில் எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முனை வடிவில் ஒரு டி.ஐ. அவுட் (ஒலியை நேரடியாக மிக்ஸருக்கு அனுப்பும் இணைப்பு) இருந்தால் போதும். அங்கிருந்து மிக்ஸருக்குக் கேபிள் போய்விட்டால் அரங்கத்துக்கு ஒலி தருவது அங்குள்ள பெரிய ஸ்பீக்கர்களின் பொறுப்பு. உன் ஆம்ப் உனக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதுமானது. அக்காலத்தில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் ஆம்பை உருவாக்கினார். மேடைகள் பெருகப் பெருக அது போதாமல், 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் திறனுள்ள எஸ்.வி.டி.யை, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெரிய பெட்டியோடு வெளியிட்டது. அதன் ஒலிக்கு இன்றும் நான் மயங்குகிறேன், ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்றைய கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை ஆம்ப்கள் 500 வாட் திறனை இரண்டு மூன்று கிலோ எடைக்குள் அடக்கிவிடுகின்றன. நம் முதுகுக்கு நேர்ந்த நல்ல காலம் என்றே இதைச் சொல்வேன்.

இனி என் முடிவைச் சொல்கிறேன். டிரம்மர் இருக்கிறார், ஆனால் அளவோடு வாசிப்பவர் என்றால், 12 அங்குல ஸ்பீக்கரும் 100 வாட் அளவும் உள்ள ஒரு காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) வாங்கு. ஃபெண்டர் ரம்பிள் 100 இந்த வகையில் எனக்குப் பிடித்தது, ஏறத்தாழ 10 கிலோ எடைதான், நான் மேலே சொன்ன ஹெட்ஃபோன், ஆக்ஸ், டி.ஐ. மூன்றும் அதில் உண்டு. வீட்டில் 100 வாட் மிகையாகுமே என்று எண்ணாதே. பெரிய ஆம்பை மெதுவாக வாசிப்பதில் எந்தத் தொல்லையும் இல்லை. சிறிய ஆம்பை உரக்க வாசிக்கத்தான் முடியாது. டிரம்மர் ஓங்கி அடிப்பவர் என்றால் காம்போவை விட்டுவிட்டு, 300 முதல் 500 வாட் வரையுள்ள ஒரு ஹெட்டையும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) 8 ஓம் மின்தடையுள்ள கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றையும் தனித்தனியே வாங்கு. 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட், 8 ஓம் கேபினெட் ஒன்றோடு ஏறத்தாழ அதில் பாதியைத்தான் தரும். பின்னாளில் இன்னொரு 8 ஓம் கேபினெட்டைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகி, முழுத் திறனும் கிடைக்கும். ஹெட்டில் எழுதியுள்ள குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே மட்டும் ஒருபோதும் போகாதே. ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையில் கிட்டார் கேபிளைப் போடாதே. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதன் மெல்லிய உள்கம்பி அந்த மின்னோட்டத்துக்கானது அல்ல.

பழைய ஆம்ப் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கலாம். உன் சொந்தப் பேஸை எடுத்துப் போ. ஈ தந்தியின் திறந்த சுரத்தில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலேறி, நடுத்தர வால்யூமில் மெதுவாக வாசி. ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கடகடவென்று சத்தம் வந்தால், தளர்ந்த திருகாணியாகவோ கிழிந்த கூம்பாகவோ இருக்கும். முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கையால் அழுத்திப் பிடித்ததும் சத்தம் நின்றால் கவலையில்லை, நிற்காவிட்டால் ஸ்பீக்கரைச் சந்தேகி. குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பைச் சுத்தம் செய்தே சரிப்படுத்திவிடலாம்.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ஆம்போடு சேர்த்துக் காதடைப்பான்களும் வாங்கிவிடு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக்கு வகுத்த அளவு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடங்கள்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நீங்கள் இரண்டு மணி நேரம் வாசிக்கிறீர்கள்.

அடுத்த கடிதத்தில் உன் அறையின் நீள அகலத்தையும், உன் பேஸ் பேட்டரி போட்டு ஓடும் ஆக்டிவ் வகையா, இல்லையா என்பதையும், டிரம்மரைப் பற்றி நான் கேட்டதையும் எழுது. ஆம்பை எங்கே வைக்கலாம், எந்தக் குமிழை எந்த நிலையில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்