சனிக்கிழமை வாசகர் வட்டம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் முதல் நம் பள்ளியின் 7, 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நம் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் நூலகத்துக்கு விடுமுறை. அதனால் மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில், காலை 10 மணி முதல் 11.15 வரை கூடுவோம். வட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை, மதிப்பெண் இல்லை.

பள்ளியில் நூலகப் பாடவேளை இருக்கும்போது பொது நூலகம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். பள்ளியை முடித்து வெளியேறும் நாளோடு பள்ளி நூலகம் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடுகிறது. கிளை நூலகம் அறுபது வயதிலும் அவர்களுக்காகத் திறந்திருக்கும். அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிவருகிறீர்கள்: வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல், சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் செய்துதந்த ஏற்பாடு அது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அப்படியொரு சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். நம் பிள்ளைகள் அங்கே உரிமையோடு போய் உட்காரலாம்.

ஒரு வட்டத்தில் 12 பேர் மட்டுமே. வாசித்த கதையைப் பற்றிப் பேசுவதற்குக் கிடைப்பது 35 நிமிடம். 12 பேர் என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் வரும். 20 பேரை உட்காரவைத்தால் நாலு பேர் பேசுவார்கள், பதினாறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கூடுதலாகப் பெயர் வந்தால் இரண்டாவது வட்டம் தொடங்குவோமே தவிர, நாற்காலிகளைக் கூட்டமாட்டோம்.

நாவலை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கிளை நூலகத்தில் ஒரு தலைப்புக்கு ஒன்றோ இரண்டோ பிரதிதான் இருக்கும். பன்னிரண்டு பேரும் அதை முறைவைத்து வாங்கிப் படித்து முடிப்பதற்குள் முதலில் படித்தவருக்குப் பாதி மறந்திருக்கும். ஆகவே ஆறு பக்கத்துக்கு மேற்படாத ஒரு சிறுகதை. அதை அங்கேயே, அப்போதே, ஒருவர் ஒரு பக்கமாக வாய்விட்டு வாசிப்பார்கள். பக்கத்துக்கு 3 நிமிடம் என்றாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'நான் படிக்காமல் வந்துவிட்டேன்' என்று யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைகள் முதல் இரண்டு கூட்டங்களில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். அவர்களை வாசிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று பொறுப்பாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வாசித்து முடிந்ததும் 5 நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே குறிப்புகளைப் பென்சிலால் எழுத வேண்டும்: மனதில் நின்ற ஒரு வரி, புரியாமல் இடறிய ஓர் இடம். இந்த 5 நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு நேராகப் பேச்சில் இறங்கினால், சட்டென்று வாய் திறக்கும் ஒரு பிள்ளை சொன்னதையே மற்றவர்களும் சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள். கையில் சீட்டு இருந்தால் கூச்சப்படும் பிள்ளைக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

பேச்சு எங்கே கெட்டுப்போகும் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வீட்டிலும் அதே தவறு நடக்கிறது. ஓர் அம்மா, 'நான் சாப்பிட்டுவிட்டேன்' என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லும் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பொய் சொல்லலாமா?' என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் 'கூடாது' என்பார்கள். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 'அம்மா சாப்பிடவில்லை என்பது உனக்கு எந்த வரியில் தெரிந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவார்கள். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்திருக்கும் வரியை ஒருவர் காட்டுவார். இல்லை, அதற்கு முன்பே அம்மா இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாளே, அங்கேயே தெரிந்துவிட்டது என்பார் இன்னொருவர். கதையை வாசிப்பது என்றால் இதுதான். நீதியைக் கேட்டால் பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைத் தேடும்; வரியைக் கேட்டால் கதைக்குள் தேடும்.

கதைச் சுருக்கம் சொல்லவைப்பதும் அப்படித்தான். எல்லோரும் இப்போதுதான் வாசித்த கதையைத் திரும்பச் சொல்லி என்ன பயன்? பத்து நிமிடம் வீணாகும். பெரியவர்கள் குறுக்கே புகுந்து விளக்குவது இன்னும் மோசம்: ஆசிரியர் ஒருமுறை 'சரியான' விளக்கத்தைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு கையும் உயராது. ஆகவே பொறுப்பாசிரியர் கேள்வி மட்டும் கேட்பார், கடைசிவரை தன் கருத்தைச் சொல்லமாட்டார். பெற்றோர் உடன் வந்தால் வட்டத்துக்கு வெளியே, நாளிதழ்ப் பகுதியில் அமரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி 15 நிமிடம் வீட்டுக்கு நூல் எடுப்பதற்கு. எடுத்த நூலில் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பிள்ளைகள் கவனிக்கப் பழக்குவோம். எத்தனை முறை அந்த நூல் வெளியே போய் வந்தது என்பதை அதிலுள்ள முத்திரைகள் சொல்லும். சில நல்ல நூல்களில் இரண்டே முத்திரை இருக்கும், அதுவும் மங்கிப்போய். நூலகங்களுக்காக ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அப்படிக் காத்துக்கிடக்கும் ஒரு நூலைத் தேடி எடுப்பது மாதம் ஒருமுறை பிள்ளைகளின் வேலை.

நூல் எடுக்க உறுப்பினர் அட்டை வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து, முகவரிச் சான்றின் நகல், சிறிய காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா. சரியான தொகையை நூலகரிடமே கேட்டுக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காப்புத்தொகையைத் திரும்பப் பெற அந்த ரசீது தேவைப்படும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதத்தில் மூன்றாம் சனிக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே 21 நாள் ஆகிவிடும். நூலில் குத்தியிருக்கும் தேதி அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அந்த மாதங்களில் மட்டும் இடையில் ஒருநாள் நூலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அபராதம் கட்ட நேரும். பக்கத்தை மடிக்காமல் இருக்க வீட்டில் கிடக்கும் பழைய நாள்காட்டி அட்டையை நீளவாக்கில் வெட்டிக் கொடுத்தாலே போதும்.

காலை 9.45-க்குப் பள்ளி வாசலில் இருந்து இரண்டு ஆசிரியர்கள் பிள்ளைகளை நடத்தி அழைத்துச் செல்வார்கள், 11.30-க்குப் பள்ளிக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நூலகத்திலிருந்தே அழைத்துப் போக விரும்பும் பெற்றோர் அதை ஒப்புதல் சீட்டில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாத பிள்ளையை வழியில் யாருடனும் அனுப்பமாட்டோம். பென்சில், ஒரு சிறிய நோட்டு, தண்ணீர் பாட்டில் போதும். கைப்பேசி வேண்டாம்.

ஒப்புதல் சீட்டைப் பூர்த்தி செய்து வரும் வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் பெற்றோருக்கு எழுதப் படிக்கச் சிரமம் என்றால் தயங்காமல் மாலை 4.30-க்கு மேல் அலுவலகத்துக்கு வாருங்கள். சீட்டையும் நூலக விண்ணப்பத்தையும் உடன் இருந்து நிரப்பித் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்